நாரிநோவைச் சாட்டி

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
12 மே 2024

அன்புள்ள றஜனிக்கு,

உமக்கும் மகள் சுபாங்கிக்கும், நான் இன்னும் கையில் தூக்காத பேத்திக்கும் ஒரு குறையும் இருக்காது என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஐங்கரன் வியாழக்கிழமை ரொறன்ரோ வருகிறான். பேத்திக்கு வாங்கிய காப்போடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர். போனில் உமக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைப் போனிலேயே திருத்த எனக்கு முகமில்லை.

போன மாதம் நீர் கேட்டது நினைவிருக்கும். "உங்கட நாரிநோ கூடவெண்டால் ஆனி மாதம் வாறன். சுகமெண்டால் வருசம் முடியுமட்டும் பிள்ளையோட நிக்கிறன்" என்றீர். நான் உடனே முனகிக்கொண்டு, இடுப்பை நிமிர்த்தி எழும்பவே ஏலாமல் கிடக்கு என்றேன். நீர் அன்றைக்கே ஆனிக்கு டிக்கெட் போட்டுவிட்டீர். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியவள், குழந்தையை யார் பார்ப்பது என்று அழுதாளாம்.

உண்மை என்னவென்றால், நோ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. டாக்டர் என்னைக் கினேயிடம் அனுப்பினார் அல்லவா? உடற்பயிற்சி வைத்தியம் செய்கிற அந்தப் பெண் உம்மைப் போல உருவிவிடுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் தொடுவதே குறைவு. படுத்துக் காலைத் தூக்கு, பந்தின் மேல் இரு என்று என்னைத்தான் வேலை வாங்குகிறாள். ஆனால் நோவில் நித்திரை இல்லாமல் போனால் எப்படிப் பயிற்சி செய்வது? டாக்டரிடம் கேட்டு சி.பி.டி. எண்ணெய் தொடங்கினேன். கஞ்சாச் செடியில் எடுப்பதுதான், முகத்தைச் சுளிக்க வேண்டாம். வெறி ஏறாது, கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள். டாக்டர் என் பிரஷர் குளிசைகளையெல்லாம் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்காது, கொஞ்சமாக எடும், வாகனம் ஓட்டக்கூடாது என்றார். நான் எங்கே வாகனம் ஓட்டுகிறேன், மெத்ரோக்காரனை நம்பித்தானே என் வாழ்க்கை!

எண்ணெய் என்றதும் நான் என்ன செய்திருப்பேன் என்று உமக்குத் தெரியும். நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு தட்டிப்போட்டுச் சூடாக்கி, அந்தச் சின்னப் போத்தலை அப்படியே அதில் கவிழ்த்து, கை எட்டின இடமெல்லாம் தேய்த்தேன். கினேயின் அறை முழுக்க உள்ளி மணம். என் உடைந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தியபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாக்குக்குக் கீழே விட வேண்டும், முசியூ, என்று தன் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு மாதமாக ஒழுங்காகச் செய்கிறேன். நித்திரை வருகிறது, அதனால் பயிற்சியும் விடாமல் நடக்கிறது. எதனால் சுகம் என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம்.

அவளுடைய இடம் எங்கே தெரியுமா? நாங்கள் முதன்முதலில் இருந்த அறைக்கு நேர் எதிரே. தொண்ணூற்றேழில் ஆறு மாடி ஏறி, நடுவே கட்டிய சீலைக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் வாமதேவன் அண்ணை குடும்பமும் இருந்தோமே, அந்தக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து நான் குப்புற விழுவேன். நீர் முழங்கையால் அமத்துவீர். நான் கத்தப் போனால், "சத்தம் போடாதேங்கோ, அங்கால ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று வாயைப் பொத்துவீர். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. வாமதேவன் அண்ணை செருமுவார். எவ்வளவு நல்ல காலம் அது, றஜனி! அந்த யன்னலில் இப்போது யாரோ குழந்தைச் சட்டைகள் காயப்போடுகிறார்கள். காலைத் தூக்கிக்கொண்டு நான் அதைத்தான் பார்த்துக் கிடப்பேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசித்தேன். நோ போய்விட்டால் உமக்கு இங்கே என்ன வேலை என்று பயந்துவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் ஒருநாளாவது பக்கத்தில் வந்து இரும் என்று உம்மைக் கேட்டிருக்கிறேனா? நாரி நோகுது என்றுதான் சொல்லியிருக்கிறேன். சில நாள் நோகாமலும் சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட்டை மாற்றுவதென்றால் மாற்றும். நான் கோபிக்க மாட்டேன். மகளிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லும். தாயும் பிள்ளையும் நோய் நொடியின்றி நீண்ட காலம் வாழட்டும்.

நான் இப்போது குனிந்து சப்பாத்து நாடா கட்டுகிறேன், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். உம்மைக் கூப்பிட என்னிடம் ஒரு சாட்டும் இல்லை. வருசம் முடிந்தாவது, சும்மா வாரும், றஜனி.

என்றும் உம்முடைய,
தவரத்தினம்