ஒன்பதாவது ஜன்னல்

"அந்தப் பகுதியை எழுதியது நான் சார்." அன்று நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

இன்று காலை அலுவலகத்தில் என் கணினித் திரையில் ஒரு ஜன்னல் உறைந்து நின்றது. அதைத் திறந்த நிரல் எப்போதோ செத்துவிட்டது. ஜன்னல் மட்டும் போகவில்லை. அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். நான் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பெரம்பலூர் கல்லூரியில் கடைசி வருடம் நீயும் நானும் சேர்ந்து செய்த புராஜெக்ட் நினைவிருக்கிறது. ஒரே திரையில் பல நிரல்களுக்கு ஆளுக்கொரு ஜன்னல் கொடுக்கும் சர்வர். மொத்தம் எட்டு இடங்கள். வந்து இணையும் நிரலுக்கு இடம் கொடுப்பது உன் பகுதி. அது போன பிறகு ஜன்னலையும் நினைவகத்தையும் திரும்ப வாங்குவது என் பகுதி. ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் வந்துபோன உனக்கு எல்லாமே பஸ்தான். "ஆளு எறங்கிப் போயிட்டான், சீட்டுல துண்டு மட்டும் கெடக்குன்னு வச்சுக்க. அந்தத் துண்ட எடுக்குறதுதான்டி ஒன் வேலை."

எடுத்தேன். ஆனால் சொல்லிவிட்டு இறங்கியவர்களின் துண்டை மட்டும். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் சோதித்தபோதெல்லாம் நிரல்களை முறையாகவே மூடினோம். பாதியில் ஒன்று செத்தால் என்ன ஆகும் என்று நான் பார்க்கவே இல்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு நிரலைத் திறந்தார். அதை மூடாமல், வேறொரு கணினியிலிருந்து கொன்றார். ஜன்னல் அப்படியே நின்றது. இன்னொன்றைத் திறந்தார். அதையும் கொன்றார். மூன்றாவதில் எனக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆளில்லாத எட்டு ஜன்னல்கள். ஒன்பதாவதைத் திறந்தபோது இடமில்லை என்றது திரை.

"போனவங்கள கிளீன் பண்ற பார்ட்ட யாரும்மா எழுதுனது?"

வேலை உத்தரவு என் பையில் இருந்தது. தேறினால்தான் அது செல்லும்.

"நான்தான் சார்" என்றாய் நீ. மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டிருந்தாய்.

"இது கூடத் தெரியாம என்னம்மா சர்வர் எழுதுறீங்க?"

"தப்புதான் சார்."

அந்தப் பகுதி இருந்த கோப்பின் முதல் வரியில் என் பெயர் இருந்தது. அவர் கோப்பைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "என்னடி முழிக்குற? ஒனக்கு வேலை காத்துக் கெடக்கு. எனக்கு முந்திரித் தோப்புதான காத்துக் கெடக்கு, அது எங்கயும் ஓடிப்போயிடாது. உள்ள போயி வாயத் தொறந்த, அப்புறம் ஒங்கூடப் பேசவே மாட்டேன்" என்றாய். துறை அறையின் கதவு திறந்திருந்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்தான். நீ தடுத்ததால் நான் போகவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது எந்த சர்வர் எழுதினாலும், சொல்லாமல் போனவர்களின் இடத்தை விடுவிக்கும் வரிகளைத்தான் முதலில் எழுதுகிறேன்.

எனக்குத் தேர்ச்சி போட்டார்கள். நீ ஆறு மாதம் கழித்து மறுபடி வைவாவுக்கு வந்து தேறினாய். அடுத்த கோடையில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாய். உன் அம்மா என்னிடம் கொடுத்த ஃபிளாப்பியில் நீ திருத்திய அந்தப் பகுதி இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை நீ மாற்றவில்லை.