அவளுடையது என்னிடம், என்னுடையது அவளிடம்

ஞாயிறு, பெப்ரவரி 8. கிளிநொச்சி
பனி. பத்து மணிக்குப் பிறகுதான் வெயில். நெல் ஒரு கிழமையில் அறுக்கலாம். அறுவடை மிஷின்காரன் போன் எடுக்கிறானில்லை.

புதன் சென்னை. காலையில் போய் அன்று இரவே திரும்புவது. மருமகன் இருக்கும் நாட்டுக்குக் கொழும்பில் விசா அலுவலகம் இல்லை. விரல் அடையாளம், கேள்வி எல்லாம் சென்னையில்தான். மகள் தர்சினி கலியாண எழுத்து முடித்து ஒரு வருடமாக இந்தத் திகதிக்குக் காத்திருந்தவள். தவறினால் திரும்பவும் வரிசையின் வால்.

துணைக்கு நான். ஏன் நான் என்று என் மனிசியைக் கேட்டேன்.
"எனக்குப் பிளேனுக்குத் தலை சுத்தும். வேற ஒரு காரணமும் இல்லை."

கொண்டுபோக: பிள்ளையின் ஃபைல். கலியாணப் படங்கள். புட்டுப் பார்சல். பிரஷர் குளிசை. புதுச் செருப்பு (கடிக்கிறது).

புதன், பெப்ரவரி 11. சென்னை, காலை
ஓட்டோவுக்குள் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. வெக்கை. புட்டு கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே முடிந்தது.

குடிவரவில் முத்திரை குத்திய கையோடு பாஸ்போர்ட் இரண்டையும் மாற்றி வைத்தேன். அவளுடையது என் சேர்ட் பைக்குள், என்னுடையது அவளின் கைப்பைக்குள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மனிசி பழக்கியது. பிரிந்துபோனால் தேடுகிற ஆளின் கையில் காணாமல்போன ஆளின் படம் இருக்கவேண்டும் அல்லவா. அப்போது தர்சினிக்கு ஏழு வயது. இன்றும் வவுனியாவுக்கு பஸ் ஏறினாலும் எங்கள் வீட்டு அடையாள அட்டைகள் இப்படித்தான் போகும். கை தானாகச் செய்துவிடும்.

பிள்ளை விசாக் கேள்விகளை மனப்பாடம் செய்கிறாள். "மாப்பிள்ளையை முதல் எங்க சந்திச்சனீங்கள்?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "சும்மா இருங்கோ அப்பா."

கண்ணாடிக் கட்டடம். வந்துவிட்டோம்.

அதே நாள், பின்னேரம். விமான நிலையம்
பிளேனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நடந்ததை எழுதுகிறேன்.

வாசலில் காவலாளி அவளின் திகதித் தாளை மட்டும் பார்த்து உள்ளே விட்டார். அவளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். என் போன் இந்த ஊரில் மணி பார்க்க மட்டும். "இங்க நிக்கக் கூடாது சார், அந்தாண்ட போங்க" என்றார். நல்ல பிள்ளையாக அந்தாண்ட போனேன். அங்கே தேத்தண்ணிக் கடை. அதற்கும் அந்தாண்ட தெருக்கள் கடந்து, வயல் சாமான் விற்கிற கடை ஒன்று. கண்ணாடிக்குள் களை எடுக்கிற சின்ன மிஷின். நான் விடுவேனா. பெயரை எழுதிக்கொள்ளப் பேனாவுக்குச் சேர்ட் பைக்குள் கை விட்டேன். பாஸ்போர்ட் வந்தது. திறந்தால் தர்சினி.

நெஞ்சு ஒருதரம் நின்று, பிறகு ஓடத் தொடங்கியது. நானும் ஓடினேன். எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.

விலாசம் அவளின் ஃபைலுக்குள். காலையில் ஓட்டோக்காரரிடம் தாளை நீட்டினேனே தவிர வாசிக்கவில்லை. தமிழ் ஊர்தானே, வாய் இருக்கிறதே என்ற எடுப்பு. ஒரு செருப்பு அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆளைப் பொலிஸ் மறிக்காமல் என்ன செய்யும்.

"நில்லுய்யா. எந்த ஊரு?"
"சிலோன் ஐயா. கிளிநொச்சி."
"பாஸ்போர்ட்ட எடு." விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது பொண்ணு பாஸ்போர்ட்டு. உன்னோடது எங்க?"
"அவாவிட்ட இருக்கு."
"அவங்க எங்க?"
"அதைத்தான் ஐயா தேடுறன்."

சொல்லச் சொல்ல எனக்கே அது கள்ளக் கதையாகக் கேட்டது. சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய கால்கள் தாமாகவே சேர்ந்து நின்றன. செருப்பைக் கீழே போட்டுவிட்டேன். விசா அலுவலகம், கண்ணாடிக் கட்டடம் என்றேன். "ஊரு ஃபுல்லா கண்ணாடி பில்டிங்தான்யா" என்றார். பாஸ்போர்ட் அவர் கையில். மணி போகிறது. பிடித்துக்கொண்டு போனால் பிள்ளைக்கு யார் சொல்வது?

மாற்றி வைத்த பழக்கத்தைச் சொன்னேன். ஏன் வந்தது என்பதையும். பொலிஸ்காரர் பாஸ்போர்ட்டை விரித்தபடி கடை கடையாக முன்னே நடந்தார். நான் ஒற்றைச் செருப்போடு பின்னால். "இந்தப் பொண்ணப் பாத்தியா?" பழக்கடை, இல்லை. மருந்துக்கடை, இல்லை. பிறகு ஃபோட்டோகாப்பிக் கடை அம்மா சிரித்தார்.

"அந்தப் பொண்ணு இப்பதான் வந்துச்சு சார். ஒரு பாஸ்போர்ட்டக் காட்டி, இவரப் பாத்தீங்களான்னு கேட்டுச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "தோ, இவருதான்."

அடுத்த மூலையில் நின்றாள். என் பாஸ்போர்ட் விரித்தபடி கையில். அழுத முகம். என்னைக் கண்டதும் அழுகை நின்று கோபம் வந்தது. வரட்டும்.

"எங்க போனனீங்கள்?"
"களை எடுக்கிற மிஷின் பாக்க."

பொலிஸ்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளை உள்ளே கூப்பிட்டார்களாம். பைக்குள் இருந்த பாஸ்போர்ட்டில் என் முகம். பன்னிரண்டு மணி வரை தவணை கொடுத்தார்களாம். வாசலிலேயே எனக்காகக் காத்து நின்றிருக்கலாம். நான் இல்லை என்றதும் என்னைத் தேடி இறங்கிவிட்டாள். இரண்டு பேரும் ஓடிப் போனபோது கதவு சாத்தியாயிற்று. "அடுத்த தேதிக்கு மெயில் வரும்மா. எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் காவலாளி.

இப்போது பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடியபடி இருக்கிறாள். நித்திரை இல்லை, தெரியும்.

வெள்ளி, பெப்ரவரி 13. கிளிநொச்சி
வானம் மப்பு. மழை வந்தால் நெல் போச்சு. மிஷின்காரன் திங்கள் வருகிறானாம்.

மருமகன் போனில் கதைத்தார். "பரவாயில்லை மாமா." ஏசியிருந்தால் நிம்மதி.
மெயில் இல்லை.
குசினியில் மனிசி தனக்குள் சொல்வது கேட்டது: "நான் பழக்கினதாலதான் இவ்வளவும்." நான் போய்த் தேங்காய் திருவிக் கொடுத்தேன்.

திங்கள், பெப்ரவரி 16
வெயில். அறுவடை. உடம்பெல்லாம் தூசு.

மெயில் வந்துவிட்டது. மார்ச் கடைசியில் திகதி. தர்சினி வரம்பால் ஓடிவந்து சொன்னாள். இந்தமுறை தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"இல்லை, நீங்கள்தான் வரவேணும். ஆனால் என்ர பாஸ்போர்ட் என்னட்டைத்தான் இருக்கும்."
"ஓம் பிள்ளை."
"உங்கட சின்னப் படம் ஒண்டு தாங்கோ."
"என்னத்துக்கு? விசாவுக்கோ?"
"இல்லை. என்ர பைக்குள்ள வைக்க. அங்க, அவரிட்ட போன பிறகும் இருக்கட்டும்."

மத்தியானம் அலுமாரிக்குள் தேடி ஒன்று எடுத்தேன். மீசை கறுப்பாக இருந்த காலத்துப் படம். இதைக் காட்டி என்னைத் தேடினால் ஒருவரும் பிடித்துத் தரமாட்டார்கள் என்றேன். சிரிக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு தன் படம் ஒன்றை என் சேர்ட் பைக்குள் போட்டாள்.

மிஷின் நின்றுவிட்டது. கூப்பிடுகிறார்கள்.