அரை நூல் கனம்

சென்னை,
9.8.1982

அன்புள்ள மச்சானுக்கு,

வெள்ளைத்துரையின் வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுத மனம் வரவில்லை. அன்னக்கொடிக்கு மார்பில் இருந்த கட்டியை ஆனி மாதம் அறுத்து எடுத்தார்கள். உங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள். அண்ணன் தாங்க மாட்டார் என்றாள். இனி ஒரு வருடத்துக்கு ஊசி போட வேண்டும். அதுவரை ஊர் மாறக் கூடாது, தன் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று அறுத்த டாக்டர் சொல்கிறார்.

கம்பெனியில் என்னைச் சென்னையில் வைத்திருப்பதே பில்லியர்ட்ஸ் ஆடுகிறேன் என்பதற்காகத்தான். தை மாதப் போட்டியில் கோப்பை வராவிட்டால் தூத்துக்குடி டிப்போவுக்கு மூட்டை கட்டு என்று புதிய மேனேஜர் சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்து, பந்து அடிக்கிற என் கியூ கம்பு நடுவில் விரிசல் விட்டுவிட்டது. கிளப்பில் கிடக்கும் கியூ எதுவும் கைக்குப் படியவில்லை. நீங்கள் செய்கிற கியூவைப் பற்றி இங்கே நன்றாக ஆடுகிறவர்களே பேசுகிறார்கள். பழையதை மனதில் வைக்காமல் எனக்கும் ஒன்று செய்து தாருங்கள். உங்கள் தங்கைக்காகக் கேட்கிறேன்.

அன்புடன்,
வெள்ளைத்துரை


கே.கே. நகர், மதுரை,
16.8.1982

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. என் தங்கையைக் கத்தி வைத்து அறுத்த செய்தி, உங்களுக்குக் கியூ தேவைப்பட்ட பிறகுதான் எனக்கு வந்து சேர்கிறது.

பழையதை மனதில் வைக்க வேண்டாம் என்கிறீர்கள். வேறு எங்கே வைப்பது? திருமங்கலத்தில் உங்கள் அக்காள் மகள் காதுகுத்து. பந்தியில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. "எங்க மச்சான் எம்.ஏ. படிச்சுப்புட்டு வீட்டுல கம்பு சீவிக்கிட்டு இருக்காக" என்றீர்கள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கல்லூரி வேலையிலிருந்து துறைத்தலைவன் என்னை வெளியே அனுப்பிய அன்றுகூட யாரும் சிரிக்கவில்லை. இங்கே உள்ள கிளப்காரர்களும் உங்கள் ரகம்தான். கியூ பழுதானால் வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்புவார்கள். செயலாளர் என்னைக் கடைவீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இருந்தாலும் செய்கிறேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன, ஆஷ் என்கிற சீமை மரத்துப் பலகை ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கென்று ஒரு கியூ செய்துகொள்ள வைத்திருந்தேன். அதை நேற்று அறுத்துவிட்டேன். கைப்பிடிக்குக் கருங்காலி. உடைந்த கியூவை அனுப்புங்கள், நீளமும் எடையும் பார்க்க வேண்டும்.

இது உங்களுக்காக அல்ல.

சிவனாண்டி, எம்.ஏ.


கே.கே. நகர், மதுரை,
20.10.1982

மாப்பிள்ளைக்கு,

கியூ ரயில் பார்சலில் வருகிறது. கருங்காலியும் ஆஷும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டாது. கைப்பிடிக்குள் ஈயம் வைத்து, உங்கள் பழைய கியூவின் எடைக்கே கொண்டுவந்திருக்கிறேன்.

நுனிப்பக்கம் மட்டும் பழையதைவிட அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கனமாக இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். இழைப்புளியோ உப்புத்தாளோ அதில் படக்கூடாது. மார்கழி பிறந்ததும் எனக்குத் திருப்பி அனுப்புங்கள். போட்டிக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். ஏன், எதற்கு என்று நான் சொல்லப்போவதில்லை. கம்பு சீவுகிறவனிடம் காரணம் என்று ஒன்று இருக்கும் என்றே நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

அன்னக்கொடி சாப்பிடுகிறாளா? மழைக்காலத்தில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கும். வெந்நீர் கொடுங்கள்.

சிவனாண்டி, எம்.ஏ.


சென்னை,
24.1.1983

மச்சானுக்கு,

அரையிறுதியில் தோற்றுவிட்டேன். தூத்துக்குடிக்கு மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. இப்போதாவது உங்கள் மனம் ஆறியிருக்கும்.

கியூவைக் கையில் எடுத்த அன்றே எனக்குச் சந்தேகம். நுனி தடித்துப்போய், விரலுக்குள் ஓட மறுத்தது. அதில் கை வைக்காதே என்று உங்கள் உத்தரவு. மார்கழியில் திருப்பி அனுப்பு என்று இன்னொரு உத்தரவு. போட்டி நெருங்கும்போது வாங்கிவைத்துக்கொண்டு நீங்கள் தராமல் இருந்தால் நான் எங்கே போவேன்? காதுகுத்தில் விளையாட்டுக்குச் சொன்ன ஒரு சொல்லை இத்தனை வருடம் சுமக்கிறவர் நீங்கள்.

அன்னக்கொடி என்னோடு மல்லுக்கு நின்றாள். "எங்கண்ணன் கோவக்காரரு, ஆனா கெடுதல் பண்ண மாட்டாரு. ஒரு கார்டு போட்டுக் கேட்டாத்தான் என்ன?" என்றாள். உங்களிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தச்சரிடம் கொடுத்து அந்த அரை நூலையும் இழைக்கச் சொன்னேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கோடு பிடித்து அடித்த பந்தெல்லாம் குழியின் விளிம்பில் போய் நின்றது. என் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தோற்ற பிறகு கியூவை மேஜையில் உருட்டிப் பார்த்தால், நுனி எழும்பி எழும்பி விழுகிறது. உளுத்த மரத்துக்கு மெருகு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். திருப்பி அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போகாவிட்டால் வேலை போகும். வேலை போனால் ஊசி கிடையாது. அவளை இங்கே தனியாக விடவும் ஆள் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளைத்துரை


கே.கே. நகர், மதுரை,
31.1.1983

மாப்பிள்ளைக்கு,

கியூ வந்தது. தச்சர் கண்ணாடிச் சில்லால் சுரண்டியிருக்கிற தடம் நுனியிலிருந்து பாதிவரை தெரிகிறது.

இப்போது காரணத்தைக் கேளுங்கள். மரம் சீவச் சீவ நெளியும். ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் அதை உத்தரத்தில் தொங்கவிட்டு, நெளிந்து முடிக்கும்வரை விட்டுவைத்துத்தான் அடுத்த சீவல். மதுரைக் காற்றில் அடங்கிய மரம், உங்கள் ஊர்க் கடற்காற்றையும் மழையையும் குடித்தால் இன்னொரு முறை நெளியும். அதற்குத்தான் அந்த அரை நூல். மழை ஓய்ந்ததும் நெளிந்த பக்கத்தை மட்டும் சீவி நேராக்கி அனுப்பியிருப்பேன். பிறகு உங்கள் ஆயுளுக்கும் அது வளைந்திருக்காது. நீங்கள் மழைக்குள்ளேயே அதைச் சீவவைத்தீர்கள்; இனி நேராக்கச் சீவ அதில் மிச்சம் இல்லை. உளுத்த மரம் என்கிறீர்கள். அதைப்போல ஒரு பலகை இனி என் கையில் அகப்படாது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

அன்னக்கொடி ஊர் மாற வேண்டாம். என் கடைசல் எந்திரத்தைப் பரவை ஊர்க்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டு நான் அங்கே வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, ஊசி முடியும்வரை அவளை வைத்துக்கொள்கிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும். நீங்கள் உங்கள் டிப்போவுக்குப் போங்கள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். எனக்கு அவளோடு மட்டும்தான் பேச்சு.

சிவனாண்டி


சென்னை,
8.2.1983

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை அன்னக்கொடிக்குப் படித்துக் காட்டினேன். அரை நூலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஊசி நாள். அவள் கிளம்பவில்லை. என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். டாக்டரும் ஆள் அனுப்பினார். அசையவில்லை. உங்களோடு இருக்கவும் சம்மதிக்கவில்லை. நாளை என்னோடு தூத்துக்குடிக்கு வருகிறாள். பாத்திரங்களைக் கட்டிவைத்துவிட்டாள். உங்களை வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன். நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள் என்றாள்.

"அண்ணன் காரணத்தச் சொல்லல. நீங்க காரணத்தக் கேக்கல. எனக்காகக்கூட ரெண்டு பேருக்கும் வாயத் தொறக்க முடியல. இனிமே எனக்காகன்னு யாரும் எதையும் விக்க வேணாம். அண்ணன் என்னையப் பாக்க வர வேணாம். நான் போன சேதி வந்தா, பொறந்த வீட்டுக் கோடிச் சேலைய எடுத்துக்கிட்டு வந்தாப் போதும்."

தூத்துக்குடி விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வெள்ளைத்துரை