காட்சிக்கு உரிய இரண்டு மதிப்பெண்

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. அம்மா நலம், முழங்கால் வலி உட்பட எல்லாம் வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நலமா என்பதை இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள், நான் போடும் மதிப்பெண்ணில் எனக்கே இப்போது நம்பிக்கை இல்லை. அங்கே குளிர் கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் பிடிக்கும். நம் வீட்டுக் குளியலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று, குழாய்க்காரர் மூன்று முறை வந்தார், மூன்றாம் முறைதான் சரியான வளையத்தைக் கொண்டுவந்தார்.

முதலில் மாதக் கடமையை முடித்துவிடுகிறேன். நீ அங்கே போன புதிதில் போனில் நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வேறென்ன, வேறொன்றுமில்லை, அதோடு சரி. மாதம் நான்கு படம், இருவரும் அதே படங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டுக் கடிதத்தில் எழுதுவோம் என்று நீ சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கை சும்மா இருக்குமா. வழக்கம்போலக் கதைக்கு மூன்று, நடிப்புக்கு மூன்று, காட்சிக்கு இரண்டு, ஒலிக்கு ஒன்று, மறுபடி பார்ப்பேனா என்பதற்கு ஒன்று. இம்முறை மட்டும் காட்சிக் கட்டத்தை நிரப்பவில்லை, அதனால் மொத்தம் எட்டுக்குத்தான். காரணம் பின்னால் வருகிறது.

நோட்டில் இருநூற்றுப் பதினைந்தாம் படம், லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் நான்கு பேர். கதை இரண்டு, நடிப்பு மூன்று, ஒலி ஒன்று, மறுபடி பார்க்க மாட்டேன், ஆக ஆறு. அந்தப் பருத்த வக்கீல் தன் மனைவிக்குப் போன் செய்து, கூட்டத்தில் இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லும் இடம் நன்றாக இருந்தது. கடைசியில் நான்கு பேரும் நல்லவர்களாகிவிடுவது எனக்கு ஒப்பவில்லை, விடைத்தாள் திருத்தும் மையத்தில் பத்து நாள் ஒரே அறையில் அடைபட்டிருக்கிறேன், யாரும் நல்லவராகவில்லை. அம்மா பூஜ்யம். ‘மூச்சு முட்டுதுங்க, மொதல்ல சன்னலத் தொறங்க’ என்பதுதான் அவள் விமர்சனம். இருநூற்றுப் பதினாறு, பழைய கோட்டுப் பையில் கடிதம் கண்டெடுக்கும் சலவைக்கடைக்காரர். எட்டுக்கு எட்டு. அவர் அந்தக் கடிதத்தைப் படிக்காமலே இஸ்திரி போட்டுத் திரும்பப் பைக்குள் வைக்கிறாரே, அதற்கு மேல் ஒருவன் நடிக்க வேண்டியதில்லை. அம்மா பத்து, அழுதாள் என்று தனியாக எழுத வேண்டியதில்லை, அவளிடம் பத்தும் பூஜ்யமும் தவிர வேறு எண் கிடையாது, அழவைத்தால் பத்து. இருநூற்றுப் பதினேழு, மலையேறும் அண்ணன் தம்பி. கதை ஒன்று, நடிப்பு இரண்டு, ஒலி பூஜ்யம், காதருகே தகரத்தைத் தட்டுவது போல ஓர் இசை, மொத்தம் மூன்று. மலை மட்டும் நன்றாக நடித்திருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மலை முழுவதையும் பார்த்தேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான்காவதாகப் புதுப் படம் பார்க்கவில்லை. போன மாதத்து இருநூற்றுப் பதினான்கையே திரும்பப் பார்த்தேன். அந்தக் கடலோர வீட்டுக் கொலைப் படம்தான். அதற்கு நான் நான்கு போட்டு, கொலைகாரன் எங்கிருந்தோ முளைக்கிறான், இயக்குநருக்குத் தர்க்கம் போதாது என்று எழுதியிருந்தேன். நீ ஒன்பது போட்டு, ‘அப்பா, அந்த ஆள் சாப்பாட்டுக் காட்சி முழுக்க வலப்பக்கச் சன்னலுக்கு வெளியே நின்னுட்டுதான் இருக்கான், அந்த வீட்டுல யாருமே பார்க்க மாட்டாங்க, நமக்கு மட்டும் தெரியும், அதுதான் படமே. தூங்கிட்டீங்களா?’ என்று எழுதியிருந்தாய். எனக்கு மனது சற்றுச் சுருங்கியது. நான் படம் பார்க்கும்போது தூங்குவதில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டில் ஆரம்பித்து ஏழு படங்களுக்கு அதே குறை, வார்த்தைகூட மாறவில்லை. எங்கிருந்தோ வருகிறாள், திடீரென்று நிற்கிறான், படத்தொகுப்பு சரியில்லை. ஒரே மாணவன் ஒரே தப்பை ஏழு விடைத்தாளில் செய்தால் சந்தேகம் யார்மேல் வரும். ஏழு இயக்குநர்கள் சேர்ந்து ஒரே தப்பைச் செய்திருக்க முடியுமா என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையிலேயே படத்தைப் போட்டேன். எனக்குக் காது மந்தம் என்பதால் டி.வி.க்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன், அம்மா பின்னால் சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் காட்சி வந்தது, மேசை, விளக்கு, நான்கு பேர், அவ்வளவுதான். எங்கே நிற்கிறான் என்று என்னையறியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ‘அதோ நிக்கிறானே தடிமாடு மாதிரி, சன்னல்கிட்ட’ என்றாள் அம்மா. தலையை வலப்பக்கம் திருப்பினேன், நின்றான். நேராகப் பார்த்தேன், இல்லை. இல்லை என்றால் அங்கே கறுப்பாக ஓட்டை இருந்தது என்று நினைக்காதே, பாப்பா, அதுதான் என்னை உலுக்கியது. ஓட்டையே இல்லை, சுவர் அதுபாட்டுக்கு நீண்டுகொண்டு போனது, குறை இருப்பதே தெரியவில்லை. திருப்பினால் இருக்கிறான், நேராக்கினால் இல்லை. ஐந்தாறு முறை செய்துபார்த்தேன். அந்தப் படம் என்னைப் பயமுறுத்தியது அன்றுதான்.

உடனே ரொட்டிக்கடைத் திருப்பம் நினைவுக்கு வந்தது. போன கடிதத்தில் எழுதியிருந்தேன், பையோடு ஒரு பெண்மணி எங்கிருந்தோ முளைத்துக் காருக்கு முன்னால் வந்தாள், கார் முகப்பை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட்டுப் போனாள், இந்தக் காலத்தில் யாரும் பார்த்து நடப்பதில்லை என்று. என் நோட்டில் இருக்கும் அதே வாக்கியம் என்பதைக் கவனித்தாயா. அவள் நடைபாதையிலிருந்து இறங்கி முறையாகத்தான் வந்திருப்பாள். நான்தான் பார்க்கவில்லை. அந்தக் கையின் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது, நல்ல வேளை கை என்று நினைத்துக்கொள்கிறேன். முன்பு ஒரு முறை விடைத்தாளில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களைப் புரட்டாமல் விட்டு ஒரு மாணவியைத் தோல்வியாக்கினேனே, மறுமதிப்பீட்டில் தெரியவருவதற்குள் அவளுக்கு ஓர் ஆண்டு போய்விட்டது. அதிலிருந்து எதையும் மூன்று தடவை சரிபார்க்கிறவன் நான். ஆனால் பக்கம் ஒட்டியிருப்பதே தெரியாவிட்டால் எதைச் சரிபார்ப்பது.

கண்ணாடிச் சட்டம் தளர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன், காரை எடுக்கக் கை வரவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள், பிறகு ஓர் இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரங்களில் மினுக் மினுக்கென்று வெளிச்சம் வரும், தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. இயந்திரம் மட்டும் உள்ளே டிக் டிக்கென்றது. மற்றவர்களுக்கு இந்நேரம் எத்தனை தெரிந்திருக்கும் என்று எனக்கு வியர்த்துவிட்டது, அந்த டிக் சத்தத்துக்கு ஏற்றபடி அமுக்க ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகள் காப்பியடிப்பதைப் பிடித்த வாத்தியார் ஓர் இயந்திரத்தைப் பார்த்துக் காப்பியடித்தேன். முடிந்ததும் பரிசோதனை செய்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, ‘சார், வெளிச்சமே காட்டாதப்பகூட அமுக்கியிருக்கீங்க, இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இது பரீட்சை இல்ல சார், பாஸ் ஃபெயில் கெடையாது, தெரியலன்னா சும்மா இருங்க, போதும்’ என்றாள். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்டார், எப்போதாவது என்றேன். அது இரண்டாவது பொய்.

எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. வியாழக்கிழமையும் அதே மாதிரி அமுக்கிவிடுவேனோ என்று பயம். அமுக்காமல் இருந்தால் என்ன தெரியவருமோ என்று அதைவிடப் பயம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அவளைச் சித்தி வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன், மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், வியாழக்கிழமை முடிவு தெரியட்டும், அதற்குப் பிறகு அம்மாவிடம் பக்குவமாக

அதே நாள், பகல்

மேலே பேனா இழுத்துக்கொண்டு போன கோட்டை நீ பார்த்திருப்பாய். தாளின்மேல் ஒரு கை வந்து விழுந்தது, நான் அலறிவிட்டேன். அம்மா என் வலப்பக்கத்தில் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். ‘பத்து நிமிஷமா இங்கதான் நிக்கிறேன், டீயே ஆறிப்போச்சு. அவகிட்ட மட்டும் சொல்லுவீங்க, நான் என்ன வெளியாளா?’ என்றாள். அவள் பத்து நிமிடம் நின்றிருக்கிறாள், நான் எழுத எழுதப் படித்திருக்கிறாள், நான் அவளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, ‘அப்ப ரெண்டு மாசமா நான் எதிர்ல வந்தாலும் பார்க்காத மாதிரி போனீங்களே, அது இதாலதானா? நான் என்ன தப்பு பண்ணேன், என்ன தப்பு பண்ணேன்னு தெனம் யோசிச்சுட்டு இருந்தேன்’ என்றாள். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது, சொல். பிறகு கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒளித்துவைக்கிறாயா என்று கேட்டேன். ‘ஒளிக்கவெல்லாம் இல்ல, மேசைல வலப்பக்கமா வச்சிருக்கேன், அது போதும்’ என்றாள். அவளால் இப்போதும் இப்படிப் பேச முடிகிறது. சமையலறையில் தண்ணீர்க் குழாய் மட்டும் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை

நேற்று இருவரும் போனோம். அம்மாவை உள்ளே விடவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் இம்முறை டிக் சத்தத்தைக் காதில் வாங்கவில்லை, தெரிந்தபோது மட்டும் அமுக்கினேன். பெரும்பாலான நேரம் சும்மாதான் இருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு டிக்குக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் எரிந்து அணைகிறது, அது எனக்கானது அல்ல. தாளில் இரண்டு கண்ணுக்கும் வலப்பக்கம் கறுப்பாக வந்திருக்கிறது. கண் அழுத்தத்தால் நரம்பு நைந்திருக்கிறதாம், போனது திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாற்றக் காலையும் மாலையும் சொட்டு மருந்து. எவ்வளவு நாள் காப்பாற்றும் என்று கேட்டேன். ‘பார்க்கலாம்’ என்றார் டாக்டரம்மா, சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நிறுத்தினார். வண்டி ஓட்டுவதைப் பற்றி உண்மையைச் சொன்னேன், இனி கூடாது என்றார். காலையில் எழுந்ததும் அலமாரியின் விளிம்பைப் பார்க்கிறேன், நேற்றுத் தெரிந்த அளவு தெரிகிறதா என்று. இன்று தெரிந்தது.

இப்போது திருத்தம். இருநூற்றுப் பதினான்கு, காட்சி இரண்டு, கதை மூன்று, நடிப்பு மூன்று, ஒலி ஒன்று, ஆக ஒன்பது, மறுபடி பார்க்கத் தைரியம் இல்லை என்பதால் அந்த ஒன்று மட்டும் இல்லை. மீதி ஆறு படங்களுக்கும் மறுமதிப்பீடு செய்தாக வேண்டும். நேற்று மாலை ஒன்றைப் போட்டோம், அம்மா சோபாவை விட்டுவிட்டு என் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ‘ஒருத்தி வந்துட்டா, பச்சைச் சட்டை, முழியே சரியில்ல, இவதான் நகைய எடுத்திருப்பா’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எடுத்தவள் அவள்தான். பாதிப் படம் இயக்குநருடையது, பாதி அம்மாவுடையது, காட்சிக்கு உரிய மதிப்பெண்ணை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். அம்மா இந்தக் கடிதத்தை இதுவரை படித்துவிட்டுப் பத்து என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

ஒன்றை மறக்காதே. பெற்றவர்களுக்கு இது இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் கண்ணை மறந்துவிட்டேன், நீ தினமும் நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போகிறாய். இந்த வாரமே போய் அந்தக் கிண்ணத்துக்குள் பார். தெரியாவிட்டால் அமுக்காதே. முடிவை மறைக்காமல் எழுது, என் பிள்ளை என்பதால் சொல்கிறேன்.

நீ விடுமுறைக்கு வரும்போது மூவரும் தியேட்டருக்குப் போவோம். சின்ன வயதில் என் வலப்பக்கம் உட்கார்ந்து பயம் வரும்போதெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாய். இனி இடப்பக்கம் உட்கார், வலப்பக்கம் அம்மாவுக்கு. சட்டைக் கையை மட்டும் முன்போலவே பிடித்துக்கொள், யாருக்குப் பயம் என்று கேட்காதே.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் எல்லாப் பக்கமும் நன்றாகப் பார்த்து வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா