காற்றுச் சுவரில் உபயக் கற்கள்

ராஜபாளையம்,
11.4.1991

அன்புள்ள தம்பி ஐயாதுரைக்கு அக்கா வேலுத்தாய் எழுதுவது. நலமா என்று கேட்கக்கூட இன்று எனக்குப் பொறுமை இல்லை. பிரசவ வார்டில் பகல் டியூட்டி முடித்து வந்து எழுதுகிறேன். கட்டின சேலை பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது.

நீ மெட்ராசுக்கு மாற்றலாகிப் போகும் முன் வரைந்து கட்டிய நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியைத்தான் சொல்கிறேன். மேற்குச் சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டால் மலைக்காற்று தானாக வரும், கரண்ட் போனாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வேர்க்காது என்று அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றாயே. வந்தது தம்பி, காற்று. முதல் இரண்டு மாதம் ஃபேனையே போடவில்லை.

இப்போது அந்தச் சுவரில் ஓர் ஓட்டை மிச்சமில்லை. எல்லாம் உபயக் கல். கட்டில் கொடுத்தவர் பெயருக்கு ஒரு கல், தொட்டில் கொடுத்தவருக்கு ஒரு கல், சுவர்க் கடிகாரம் கொடுத்தவருக்கு அவர் மாமனார் பெயரையும் சேர்த்து இரண்டு கல். தளவாய்புரத்துப் புண்ணியவான் ஒருவர் பினாயில் வாளி கொடுத்துவிட்டு ஆள் உயரத்துக்குக் கல் கொண்டுவந்தார். பதித்த கொத்தனார் மொக்கைச்சாமியிடம் சண்டை போட்டேன். ஓட்டையும் ஒடசலுமா நின்ன சொவர இப்பத்தான் பாக்கும்படியா ஆக்கிருக்கேன், எம்புட்டு அழகா இருக்கு பாருங்கக்கா என்று என்னிடமே பாராட்டு எதிர்பார்க்கிறார்.

நேற்று மத்தியானம் கரண்ட் போனது. கான்சாபுரத்துப் பெண் ஒருத்தி வலியோடு வலியாக மயங்கி விழுந்துவிட்டாள். மூன்று நாள் பிள்ளைகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

கல்லைப் பெயர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்கினேன். மொதல்ல ஒங்க அப்பா கல்ல எடுங்க, பொறவு நாங்க எடுக்கோம் என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். செத்துப்போன அப்பா நினைவுக்கென்று நீ லாரியில் அனுப்பிய கல்தானே அந்தச் சுவரில் முதலில் ஏறியது! பார்வையான இடத்தில் பதிக்கச் சொல்லி எழுதியதும் நீதான். சுவரை வரைந்தவனே கல் வைக்கிறான் என்று மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அன்று அந்தக் கல்லுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டவள் நான், என் மேலும்தான் வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மாமியார் வீட்டுக்குப் போய்க் குருவம்மாளைப் பார்த்தேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டின ஆஸ்பத்திரியில்தான் பெறுவேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் உன் பெண்டாட்டி. சித்திரை பாதிக்குள் ஆகிவிடும்.

அப்பா கல்லை நானாகப் பெயர்த்தேன் என்ற பேச்சு வேண்டாம். எடுத்துவிடு அக்கா என்று உன் கைப்பட ஒரு வரி எழுதிப் போடு. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் தம்பி. உன் பிள்ளை மூச்சு விடவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க அவருக்கு மட்டும் மனசு வருமா?

உன் கடிதத்துக்காக உளியும் சுத்தியலுமாகக் காத்திருக்கும்,
அக்கா வேலுத்தாய்