சொன்னது மெஸ் சாப்பாட்டை மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு என் மானம் கப்பலேறியது. ஆஸ்பத்திரியில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவே நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். கொம்போடு ஒரு மாட்டுத் தலை படம். "இங்க மாட்டுக்கும் வைத்தியம் பாக்கறாங்களா?" என்று மனைவியிடம் கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல. "அது கர்ப்பப்பை சார்" என்றார் நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். இவளும். நாலு மாசமாக ரத்தப்போக்கு நிற்காதவள் சிரித்தாளே, போன மானம் போகட்டும்.

மார்ச் 6

ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் சோதனை. கம்பி வடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அட்டையில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன், மாசா மாசம். இவளை மட்டும் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் சோதித்ததில்லை. முப்பது வயசிலிருந்தே பார்த்திருக்கணுமாம். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மட்டும் கூட்டிப்போயிருப்பேனா?

மார்ச் 19

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். பக்கத்திலும் பரவிவிட்டதாம். ஒரு வைரஸால் வருவது, உடலுறவில் தொற்றும் என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் தானாகப் போய்விடுமாம். சிலருக்குப் பத்து இருபது வருஷம் சும்மா கிடந்து இப்படி ஆகுமாம். யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாதாம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள், "நான் யார்கிட்டயும் போனதில்லைங்க."

"எனக்குத் தெரியாதா" என்றேன். அதற்கு அப்புறம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

மார்ச் 20

கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் ஏழு மாசம் வேலை. லாட்ஜுக்கு எதிரே ஒரு பெண்ணின் வீடு. மூன்று தடவை போனேன். நாலு — இங்கேயும் பொய் எழுதி யாரை ஏமாற்ற? அந்த ஊரைப் பற்றி இவளிடம் சொன்னது மெஸ் சாப்பாட்டை மட்டும்.

மே 11

கதிர்வீச்சு ஆரம்பித்து இருபது நாள். தோல் கருத்துவிட்டது. பார்க்க வந்த இவளுடைய அக்கா சமையலறையில் குரலைத் தாழ்த்தி, "இந்த நோய் எப்படி வந்துச்சோ, யார் கண்டா" என்றார். கட்டிலில் கிடந்தவள் காதில் விழுந்திருக்கும். நான் டம்ளரைக் கழுவினேன். கழுவின டம்ளரையே திரும்பவும் கழுவினேன்.

ஜூலை 2

சொல்லிவிட வேண்டும் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னமோ சொல்ல வந்தீங்க" என்றாள். மெஸ் சோற்றில் கல் பொறுக்கிச் சட்டைப் பையில் சேர்த்த கதையைச் சொன்னேன். "இத நூறு தடவை சொல்லிட்டீங்க" என்று சிரித்தாள். சிரிக்கவும் வலிக்கிறது அவளுக்கு.

தொடைநடுங்கி நான்.

செப்டம்பர் 9

சாப்பாடு இறங்கவில்லை. "நம்ம பொண்ணுக்கு இது வராம இருக்க அந்தத் தடுப்பூசியப் போட்டுடுங்க" என்றாள். போன வருஷம் பள்ளிக்கூடப் படிவத்தில் 'வேண்டாம்' என்று எழுதினவன் நான். என் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு வீறாப்பு வேறு.

செப்டம்பர் 27

காலையில். நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது.

ஜனவரி 20

மகளுக்கு ஊசி போட்டாயிற்று. படிவத்தில் அம்மா கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கோடு இழுக்கச் சொன்னார் நர்ஸ். இழுத்தேன். சுவரில் அதே மாட்டுத் தலை.

வெளியே வந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "அம்மாவுக்கு எப்படிப்பா வந்துச்சு? பெரியம்மா ஒரு மாதிரி பேசறாங்க."

"உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"அப்ப யார் மேல?"

"பஸ் வந்துடுச்சு, ஓடு" என்றேன். தெருமுனையில்கூட பஸ் இல்லை.

இங்கேயாவது எழுதிவைக்கிறேன்: என்கிட்டேருந்து வந்திருக்கலாம்மா.