தேதி முடியவில்லை அக்கா

என் செல்வி அக்காவுக்கு,

நல்லாயிருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. போனில் "சரிக்கா, வைக்கிறேன்" என்பதோடு சரி. இப்போது ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். உன்னிடம் தனியாகச் சொல்லப் பதினைந்து வருஷம் இருந்தது, வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஆபீஸ் நண்பர்கள் அடையாறில் ஒரு சின்ன அரங்கில் மங்கோலியப் படம் என்று இழுத்துப் போனார்கள். ஆடு மேய்க்கும் குடும்பம். அப்பா இறந்ததும் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறாள். தம்பி மட்டும் டவுனில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவள் பார்க்க வந்தால் நண்பர்கள் முன்னால் அக்கா என்று கூப்பிட அவனுக்குக் கூச்சம். அரங்கில் எல்லோரும் அந்தப் பெண்ணுக்காக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். என்னால் அந்தப் பையன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். "இன்னா மச்சி, அழுதுட்டியா?" என்று கிண்டல் செய்தார்கள். அழுதிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

உனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது நீ ஒன்பதாவது, நான் ஐந்தாவது. கோட்டூர்புரம் ஆற்றோரத்து வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போனாள், நீ தி. நகர் துணிக்கடைக்குப் போனாய், நான் மயிலாப்பூரில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இருபது வயதில் என் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டாய். தனித்தேர்வராக எழுதப் போகிறேன் என்றாய். விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, கடையில் லீவு கிடைக்காததால் என்னிடம் கொடுத்தாய். கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் என் வேலை. "டேய் பாபு, உன் ஸ்கூல்லயே சென்டர் போட்டா சூப்பரா இருக்கும்ல? நீ கேட்டாண்ட வந்து நில்லுடா, எனுக்கு பயமா கீது" என்று சிரித்தாய்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். நான் அப்போது ப்ளஸ் ஒன். எங்க அக்கா காலேஜ் படிக்குது என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன். அதே பள்ளிக்கூடத்தில் நீ பத்தாவது எழுத வந்து நின்றால் என் மானம் என்ன ஆகும்? அந்தக் கவர் ஐந்து நாள் என் பையிலேயே கிடந்தது. ஆறாம் நாள், "தேதி முடிஞ்சிடுச்சாம்க்கா, வாங்க மாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

தேதி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது அக்கா.

நீ நம்பினாய். வீட்டில் படித்தவன் நான்தானே, யாருக்குச் சந்தேகம் வரும்? "பரவால்ல உடு, நீ இன்னா பண்ணுவ. அலைஞ்சிகினு வந்துருக்க, சாப்டு" என்று தட்டு வைத்தாய். நான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் எழுதலாம் என்றாய். அடுத்த வருஷம் உனக்குக் கல்யாணம். அப்புறம் காவ்யா பிறந்தாள். அப்புறம் ஆற்றோரத்து வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் விடியும் முன்னே பஸ் பிடித்து அதே கடைக்கு வந்தாய். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் "என் தம்பி இன்ஜினீயரு, தரமணில கீறான்" என்பாயாமே? கடைசியாக ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருந்தபோதும் நர்ஸிடம் அதையே சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

சொல்லாமலே இருந்திருப்பேன். காவ்யாதான் விடவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள், கணக்கில் பெயில். இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன், அம்மா இப்போது அங்கேதான். சோறு போட்டுக்கொண்டே அம்மா அவளைத் திட்டினாள். "உங்கம்மாளுக்குத்தான் படிப்பு ஏறல. நீயாவது உங்க மாமா மாதிரி படிக்கக் கூடாதா?"

"அம்மாவுக்கே ஏறலல்ல? எனுக்கு மட்டும் எங்கேர்ந்து ஏறும்? நானும் கடைக்கே போறேன், உடு ஆயா" என்றாள் உன் மகள்.

பதினைந்து வருஷமாக அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கவர், பை, ஐந்து நாள், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்தே கேட்டாள். "அது உயிரோட இருக்கச்சே சொல்றதுக்கு இன்னாடா?"

காவ்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அம்மாவுக்கு இன்னா சப்ஜெக்ட் மாமா புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. என் புத்தகத்தைத்தான் படித்தாய், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாய். ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. சயின்ஸ், இங்கிலீஷ் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நீயும் நம்பினவள்தானே. "தெரியாதும்மா" என்றேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். என்னோடு இன்னும் பேசவில்லை. பேச வேண்டும் என்று கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. மன்னித்துவிடு என்று உன்னிடமும் கேட்கப்போவதில்லை, நீ உடனே பரவால்ல உடு என்பாய். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உனக்குப் படிப்பு ஏறவில்லை என்று இனி யார் சொன்னாலும், அது வீடானாலும் வீதியானாலும், அங்கேயே எழுந்து நின்று, ஏறவிடாமல் செய்தவன் நான் என்று சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
பாபு